அப்பாவின் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

சாப்பிட்டுக்கொண்டே வாரப் பத்திரிகை படிக்கிற வழக்கம் உள்ளவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தப் பக்கத்தை மட்டும் கை கழுவிவிட்டு வந்து படியுங்கள். விஷயம் அப்படி.

2023 ஜனவரி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று குனிந்தார். கழுத்தில் 'களக்' என்று ஒரு சத்தம். வாயிலிருந்து வந்து விழுந்தது... முருங்கைக்கீரை. முந்தின நாள் மத்தியானம் அம்மா வதக்கியது. இலை இலையாக, நிறம்கூட மாறாமல். கூடவே ஒரு மாத்திரை. ஓரம் மட்டும் கொஞ்சம் கரைந்திருந்தது.

"இது ராத்திரி போட்ட பிரஷர் மாத்திரைதானுங்கப்பா?"

அப்பா காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே சொன்னார்: "உள்ள போகமாட்டேங்குது கண்ணு."

இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் கோபமில்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அப்பா மல்லசமுத்திரத்தில் ஒரு பருத்தி வியாபாரியிடம் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். ஏலத்தன்று எத்தனை மூட்டை, என்ன விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமல் சொல்வார். என்னை பி.காம் படிக்க வைத்ததே அந்த வம்சப் பெருமையைக் காப்பாற்றத்தான். நானும் காப்பாற்றினேன். ஒரு தனியார் வங்கியில் ஆறு வருஷம். 2020ல் அந்த வேலையை விட்டுவிட்டு, பத்திரிகைகளுக்கு எழுதப் போகிறேன், 'ஃப்ரீலான்ஸ்' என்று வந்து நின்றேன். அப்பா அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன். "ஃப்ரீ மட்டும் புரியுது" என்றார்.

2021 பொங்கலிலிருந்து அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விடுவார். போனால் முக்கால் மணி நேரம். கட்டிலும் திண்ணைக்கு மாறியது. அம்மா, "ஏனுங்க, பனியில படுக்கறீங்க?" என்று கேட்டால் பதில் வராது. விசேஷ வீடுகளுக்குப் போவார், மொய் எழுதுவார், பந்திக்கு முன்னால் காணாமல் போய்விடுவார்.

நான் என்ன நினைத்தேன்? என் மேல்தான் கோபம் என்று நினைத்தேன். சம்பாதிக்காத மகன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட அவருக்குப் பிடிக்கவில்லை என்று. இதை நினைத்து நினைத்து நானும் விறைப்பாகிவிட்டேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், எதிர்க்கட்சித் தலைவர்கள் மாதிரி.

உச்சக்கட்டம் ராசிபுரத்தில் நடந்தது. எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். எல்லாம் பேசி முடிந்தாகிவிட்டது. சம்பந்தம் முடிவாகும் வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம், முடிவானதும் நனைப்போம், அதுதானே நம் பக்கத்து வழக்கம்? இலை போட்டார்கள். கேசரி, இட்லி, வடை. அப்பா இலையைப் பார்த்தார். எழுந்தார். "எனக்கு வேண்டாமுங்க" என்று திண்ணைக்குப் போய்விட்டார். பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் தரகர் போன் செய்தார். அந்தப் பெண் இப்போது ஈரோட்டில் சௌக்கியமாக இருக்கிறார், ஒரு குழந்தை. அதற்கப்புறம் அப்பாவும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் கரண்ட் பில் பற்றி மட்டும்தான்.

நடுவில் ராத்திரி இருமல் வேறு. எந்தக் காலத்தில்? 2021 மே மாதத்தில்! கொரோனா இரண்டாவது அலை. அப்பா ஒரு தடவை இருமினால் தெருவில் நாலு கதவு சாத்தும். மூன்று முறை மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். மூன்று முறையும் 'இல்லை'. அடுத்து சளியை எடுத்து டி.பி. பார்த்தார்கள். அதுவும் இல்லை. 'கேஸ்' என்று ஒரு மாத்திரை, 'அலர்ஜி' என்று ஒரு சிரப். பிரஷர் இறங்கவில்லை என்று மாத்திரையின் பவரை ஏற்றினார்கள். ஏறியும் இறங்கவில்லை. எப்படி இறங்கும்? மாத்திரை போய்ச் சேர்ந்தால்தானே!

68 கிலோ இருந்தவர் 51க்கு வந்துவிட்டார். ஊரில் ஒரு வார்த்தையைச் சொல்லாமலேயே சொல்ல ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கீரைக் காலைக்கு மறுநாள் சேலத்துக்கு அழைத்துப் போனேன். காது-மூக்கு-தொண்டை டாக்டர், நடுத்தர வயது. நான் மருத்துவ வரலாற்றை ஒரு கட்டுரையாக ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, திரும்பி வருதே சோறு, அது புளிச்சு வருதுங்களா, சாப்பிட்ட ருசியிலேயே வருதுங்களா?"

"சாப்பிட்ட ருசிதானுங்க. உப்பு காரம்கூட மாறலை."

டாக்டர் பேனாவை கீழே வைத்தார். வயிற்றுக்குப் போய்த் திரும்பியிருந்தால் அமிலம் பட்டுப் புளித்திருக்குமாம். புளிக்கவில்லை என்றால் அது வயிற்றையே பார்க்கவில்லை. வழியில் எங்கேயோ தங்கியிருக்கிறது. பிறகு அப்பாவின் கழுத்தில், இடது பக்கம், விரலால் மெதுவாக அழுத்தினார். களக்... களக்... மோட்டார் போட்டதும் தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் காற்றைக் கக்குமே, அந்தச் சத்தம்.

எண்டோஸ்கோப்பி எடுக்கலாமா என்று நான் என் அறிவைக் காட்டினேன். "இருங்க, முதல்ல பேரியம் எக்ஸ்ரே" என்றார். பை ஒன்று இருப்பது தெரியாமல் குழாயை விட்டால் அது நேராகப் பைக்குள் போய் முட்டி ஓட்டை போட்டுவிடும் ஆபத்து உண்டாம். சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெள்ளையாக ஒரு திரவத்தை அப்பா குடிக்கக் குடிக்கப் படம் எடுத்தார்கள். படத்தில் தொண்டைக்குப் பின்னால், உணவுக்குழாய் ஆரம்பிக்கிற இடத்தில், வெள்ளையாக ஒரு எலுமிச்சம்பழம் தொங்கியது. உணவுக்குழாயில் மெல்லிய நூல் மாதிரிதான் திரவம் இறங்கியிருந்தது.

"ஸெங்கர் டைவர்டிகுலம்" என்றார் டாக்டர். தொண்டைப் பை. "கேன்சர் இல்லீங்க."

அப்பா அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நாம் விழுங்குவதை ரொம்பச் சாதாரணமாக நினைக்கிறோம். ஒரு வாய் சோறு உள்ளே போவதற்கு மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டும், மூச்சுக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும், அதே நேரத்தில் உணவுக்குழாயின் வாசலில் காவல் நிற்கிற ஒரு வளையத் தசை சட்டென்று தளர்ந்து வழிவிட வேண்டும். சிலருக்கு வயதாகும்போது இந்த வாட்ச்மேன் சரியாக வழிவிடுவதில்லை. மேலேயிருந்து சோறு தள்ளுகிறது, கீழே கதவு பாதிதான் திறக்கிறது. அழுத்தம் எங்கே போகும்? வாட்ச்மேனுக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கச் சுவரில் பலவீனமான ஒரு முக்கோண இடம் இருக்கிறது. உள்தோல் அந்த வழியாகப் பலூன் மாதிரி வெளியே பிதுங்குகிறது. வருஷக்கணக்கில் அது பையாகிறது. பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு அதிகமாக வருகிறதாம். அபூர்வமான நோய்தான்.

எங்கள் பக்கத்தில் இதைப் புரியவைக்க டாக்டர் தேவையில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவர், அப்பாவின் சிநேகிதர், இந்தியா பூராவும் போர் போட்டவர், படத்தைப் பார்த்ததும் சொன்னார்: "அட, கேசிங் பைப்புக்குப் பக்கத்துல மண்ணு சரிஞ்சு குழி விழுந்திருக்குதுங்க. நாம இறக்குறதெல்லாம் குழிக்குள்ளயே போகுது."

எனக்கோ அது வேறு மாதிரி புரிந்தது. கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்க 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒன்று உண்டு. அப்பாவின் தொண்டையில் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் ஓபன் ஆகியிருக்கிறது. மத்தியானக் கீரை, ராத்திரி மாத்திரை எல்லாம் அங்கே வரவாகியிருக்கிறது. அவர் படுத்ததும் கணக்கு வழிந்து மூச்சுக்குழாயில் போய் விழுந்திருக்கிறது. ராத்திரி இருமல் அதுதான். இரண்டு முறை நிமோனியா என்று ஊசி போட்டார்களே, அதுவும் இதன் கைங்கர்யமாகத்தான் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்த ராத்திரிகளில் அப்பாவுக்கு இருந்தது ஆஸ்துமா இல்லை, அரைச் சோறு.

இந்த உவமையை அப்பாவிடம் சொன்னேன். முதல் முறையாக என் எழுத்துத் தொழிலை மதித்தார். "ஆனா சஸ்பென்ஸை வருஷ முடிவுல நேர் பண்ணியாகணும்டா" என்றார்.

பெயர்க் காரணத்தை விசாரித்துச் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இந்தப் பையை 1769லேயே பிரிஸ்டல் நகரத்து டாக்டர் ஆபிரகாம் லட்லோ விவரமாக எழுதிவிட்டார். நூறு வருஷத்துக்கு அப்புறம், 1877ல், ஜெர்மன்காரரான ஸெங்கர் இன்னொருவரோடு சேர்ந்து பல நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து எழுத, பெயர் அவருக்குப் போய்விட்டது. "ஒருத்தன் வரவை இன்னொருத்தன் பேருல எழுதியிருக்கானுங்க. என்ட்ரி தப்பு!" என்றார் அப்பா. அந்தப் பலவீனமான முக்கோணத்துக்கு மட்டும் கில்லியன் பெயர். அவர் யார் தெரியுமா? 1897ல் ஜெர்மனியில் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கியிருந்த பன்றி எலும்பைக் குழாய் விட்டு எடுத்தவர். 'அவரு பேரு இருக்கட்டும்' என்று அப்பா அனுமதி கொடுத்துவிட்டார்.

தாரமங்கலத்திலிருந்து வந்த சித்தப்பா, "நாயனம் வாசிக்கறவங்களுக்குத்தான் தொண்டையில பை வரும்னு கேள்வி, அண்ணன் எப்ப வாசிச்சாரு?" என்று குழப்பினார். அது வேறு பை. குரல்வளையிலிருந்து காற்று அடைத்து வீங்குகிற பை. நெப்போலியனின் ராணுவ டாக்டர் லாரே, எகிப்தில் கோபுரத்தில் ஏறி உரத்த குரலில் ஓதுகிறவர்களுக்கு அப்படிக் கழுத்து வீங்குவதைப் பற்றி 1829ல் எழுதியிருக்கிறார். அது பெருத்தால் குரல் கம்மும், மூச்சு அடைக்கும். அப்பாவுடையது காற்றுப் பை இல்லை, சோற்றுப் பை. சித்தப்பாவுக்குக் கடைசிவரை திருப்தியில்லை.

சேலத்திலிருந்து திரும்பும்போது பஸ் ஆட்டையாம்பட்டியில் நின்றது. ஜன்னல் பக்கம் முறுக்குக் கூடை வந்தது. 1997ல் நாமக்கல் மாவட்டம் பிரிந்தபோது எங்கள் ஊர் நாமக்கல்லுக்குப் போனது, ஆட்டையாம்பட்டி சேலத்திலேயே நின்றுவிட்டது. 'ஊரைப் பிரிச்சாங்க சரி, முறுக்கையுமா அந்தப் பக்கம் விட்டுட்டு வரணும்?' என்று அப்போது புலம்பியவர் என் அப்பா. அவ்வளவு பைத்தியம் அந்தக் கை முறுக்கு மேல். அன்றைக்குக் கூடையைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதை ஏனுங்கப்பா முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. வைகுந்தம் ரோடு பிரிகிற இடம் வந்ததும் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு வாய் தின்னா கழுத்துல சத்தம் வருது. மூணாவது வாய்க்கு எல்லாம் வெளிய வருது. வாய் நாத்தம் எனக்கே தெரியுது. உங்கம்மா மூஞ்சியத் திருப்பிக்குவா, பாவம், அவளுக்கே தெரியாம திருப்பிக்குவா. நாலு பேரு நடுவுல எப்படிடா உக்காருவேன்? அன்னிக்கு ராசிபுரத்துல... கை நனைச்சு, அவங்க இலையிலயே கக்கி வச்சிருந்தா உனக்குத்தானே அசிங்கம்?"

நான் ஜன்னல் வழியாகச் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சோளக்காடு எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

வைத்தியம் என்று பார்த்தால், பை சின்னதாக இருந்து தொந்தரவும் இல்லையென்றால் சும்மா விட்டுவிடலாமாம். இப்படி மெலிந்து, நெஞ்சில் சளி சேர்கிற அளவுக்கு வந்தால் விடக்கூடாது. பழைய முறை, கழுத்தை வெளியிலிருந்து திறந்து பையை வெட்டி எடுப்பது. இன்னொன்று, வாய் வழியாகவே போய், பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே இருக்கிற பொதுச்சுவரை வெட்டிவிடுவது. பை அங்கேயேதான் இருக்கும். ஆனால் சுவர் போய்விட்டதால் அது தனி அறையாக இருக்காது, வழியோடு வழியாகிவிடும். நம் வாட்ச்மேன் தசையும் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறதாம். சுவரை வெட்டும்போது அவரும் தளர்ந்துவிடுவார். ஒரே வெட்டில் இரண்டு காரியம்.

"இந்த முறையில யாராச்சும் செத்திருக்காங்களா?" என்று அப்பா கோயமுத்தூர் டாக்டரிடம் கேட்டார். அவர் மறைக்கவில்லை. 1917ல் அமெரிக்காவில் மோஷர் என்பவர் இதை ஆரம்பித்தார், ஒரு நோயாளி இறந்துபோனதும் விட்டுவிட்டார். 1960ல் ஸ்வீடன்காரர் டோல்மன் கருவியை மாற்றி மறுபடி கொண்டுவந்தார். 1993ல் வெட்டும்போதே இரண்டு ஓரத்தையும் தைத்துவிடுகிற ஸ்டேப்ளர் வந்தது. இப்போது வளைகிற எண்டோஸ்கோப் வழியாகவும் செய்கிறார்கள். கசிவு, ரத்தப்போக்கு, சில வருஷத்தில் மறுபடி வருவது, எல்லாவற்றுக்கும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு என்றார். கழுத்தைத் திறந்தால் குரலுக்குப் போகிற நரம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பா என்னைப் பார்த்தார். "எழுபத்தி நாலு வயசு. எதுக்குடா செலவு? இப்படியே கஞ்சியக் குடிச்சுக்கிட்டு இருந்துடறேன்."

"கஞ்சியும்தான் திரும்பி வருதுங்களே" என்றேன்.

அந்த வாதத்துக்கு அவரிடம் பதில் இல்லை. (வங்கியில் விட்டுவந்த பி.எஃப். பணம் அப்படியே இருந்தது. அதற்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.)

2023 ஏப்ரலில் ஆபரேஷன். மயக்கம் கொடுத்து, வாய் வழியாக, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வெளியில் ஒரு தழும்பு கிடையாது. ஊரிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கு இதில் பெரிய ஏமாற்றம். மறுநாள் ஒரு திரவத்தைக் குடிக்கவைத்துக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு மடக்கு. அப்பா விழுங்கிவிட்டுக் கையை உயர்த்தினார், யாரும் பேசாதீர்கள் என்கிற மாதிரி. காத்திருந்தார். சத்தம் வரவில்லை. திரும்பியும் வரவில்லை. டம்ளரை மறுபடி நீட்டினார்.

அந்த வாரத்தில் ஒரு வேடிக்கை. ஏற்றி வைத்திருந்த பிரஷர் மாத்திரை முதல் தடவையாக ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. தலை சுற்றிக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்! அவசரமாகப் பவரைக் குறைத்தார்கள்.

பரிபூரண குணம் என்று சொல்ல மாட்டேன். கடைசிப் படத்தில் பையின் அடியில் ஒரு சின்னக் குழி மிச்சம் தெரிகிறது. சஸ்பென்ஸில் சில்லறைப் பாக்கி. அதனால் வீட்டில் சில சட்டங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சின்னச் சின்ன வாயாக. முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கே, படுப்பது பத்துக்கு, தலைமாட்டில் இரண்டு தலையணை. இருமல் எப்போதாவது எட்டிப் பார்க்கும்போது அம்மா உடனே எழுந்து விளக்கைப் போட்டுவிடுகிறாள். எடை 62. கட்டில் உள்ளே வந்துவிட்டது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர்கள் திடீரென்று தனியாகச் சாப்பிட ஆரம்பித்தால், சாப்பிட நேரமானால், விழுங்கச் சிரமப்பட்டால் 'வயசாயிடுச்சு', 'வீம்பு' என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு வந்தது பையாக இருந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. உணவுக்குழாயில் கேன்சர் என்றாலும் முதலில் விழுங்கத்தான் கஷ்டமாக இருக்கும். சீக்கிரம் பார்த்தால்தான் சீக்கிரம் தெரியும். நான் இரண்டு வருஷம் எதிரில் உட்கார்ந்து கவிதை மாதிரி ரோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன வைகாசியில் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். மொய் எழுதிவிட்டு அப்பா வழக்கம்போல வாசல் பக்கம் போகப்போகிறார் என்று நினைத்தேன். நேராகப் பந்திக்குப் போனார். முதல் வரிசை, மின்விசிறிக்குக் கீழே. எனக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் கைக்குட்டை போட்டுப் பிடித்துவைத்திருந்தார்.

மெதுவாகத்தான் சாப்பிட்டார். ஒரு வாய், ஒரு நிதானம், ஒரு மடக்கு தண்ணீர். நான் முடித்துவிட்டேன். எதிர் வரிசை எழுந்துவிட்டது. கல்யாண மண்டப சம்பிரதாயப்படி அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். அப்பாவின் நாற்காலி முதுகில் ஒரு இளைஞர் கையை வைத்துக்கொண்டு, செல்போனைப் பார்ப்பதும், அப்பாவின் இலையைப் பார்ப்பதும், பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "பெரியவரே, ஆச்சுங்களா?" என்று கேட்டேவிட்டார்.

அப்பா தலையைத் திருப்பி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இருங்க தம்பி. இன்னும் ரசமே வரலீங்க."